தக்காளி இலையில் ஒரு வெள்ளைக் கோடு

கிணத்துக்கடவுக்கு மேற்கே, கல்லாங்காட்டுப்புதூர் அங்கப்பன் தோட்டத்துக்குப் பதினோரு ஆண்டுகளாக ராசம்மாள்தான் பெண்களைக் கூட்டி வருகிறார். காலை ஏழு மணிக்கு அவருடைய கணவர் ஐயாசாமியின் டெம்போவிலிருந்து பதின்மூன்று பெண்கள் இறங்குவார்கள். களைக்கொத்தையும் சோற்றுத் தூக்குப்போசியையும் எடுத்துக்கொண்டு மூங்கில் படலுக்கு முன்னால் நிற்பார்கள். படலைத் திறப்பதற்கு முன் ராசம்மாள் ஒரு கேள்வி கேட்பார்.

"யாராச்சும் தூரமா இருக்கீங்களா?"

பதின்மூன்று பேரும் இல்லை என்று தலையாட்டுவார்கள். எப்போதாவது ஒருத்தி குனிந்துகொண்டு டெம்போவுக்குத் திரும்புவாள்.

தூரம் என்பது மாதவிடாய்க்கு அந்தப் பக்கத்துப் பெயர். அந்த நாட்களில் ஒரு பெண் உள்ளே நுழைந்தால் தக்காளிப் பூ உதிரும், அவரைப் பந்தல் கருகும் என்பது அங்கப்பனின் அப்பா காலத்திலிருந்து தோட்டத்துச் சட்டம். மூன்று நாள் வெளியே இருக்க வேண்டும். வராத நாளுக்குக் கூலி இல்லை. சட்டம் போட்டது ஆண்கள். ஆனால் பெண்களைப் பார்த்து அதைக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். அதனால் கேட்கிற வேலை ராசம்மாளுக்கு வந்தது.

அவரைப் பார்த்துக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐம்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. பரம்பரையாக அடுத்தவர் காட்டில் குனிந்து நிமிர்ந்த குடும்பம். அண்ணன் ஒருவர் மட்டும் போத்தனூர் போய் ரயில்வேயில் சேர்ந்தார். ராசம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. பக்கத்து வீட்டுச் சண்டையில் தன் மகனுக்கு எதிராகவே சாட்சி சொன்னவர் என்று காலனியில் இன்றும் சொல்வார்கள். கேள்வி கேட்கும் வேலை வந்த பிறகு தானும் அந்தச் சட்டத்தை ஒரு நாள்கூட மீறவில்லை. நாற்பத்தெட்டு வயதில் நின்றுபோகும்வரை, மாதம் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தார். சட்டம் உண்மை என்று நம்பினார். நாமும் நம்முடைய பங்குக்கு எதையெல்லாமோ நம்பிக்கொண்டு தலைகுனிந்து நடந்தவர்கள்தான். அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதி இல்லை.

போன பங்குனியில் தக்காளி இலைகளில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. நூல் போலத் தொடங்கி, வளைந்து வளைந்து, போகப் போக அகலமாகி, திடீரென்று நிற்கும் கோடு. அசப்பில் பாம்பு ஊர்ந்த தடம். ஒரு வாரத்தில் அடி இலைகளெல்லாம் கோடாகி, பிறகு காய்ந்து சுருண்டன.

கிணத்துக்கடவில் மருந்துக்கடை வைத்திருக்கும் கிருபாசங்கர் வந்து பார்த்தார். டை கட்டாத குறையாகப் பேசுகிறவர். ஒரு மருந்து கொடுத்தார். அடித்தார்கள். நான்கு நாள் கோடு குறைந்தது, பிறகு இரண்டு மடங்கானது. அதைவிடக் காட்டமான இன்னொரு மருந்து. ஐந்து வாரத்தில் ஆறு தடவை. கடைசித் தடவை அடித்தவர் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார். கோடு மட்டும் படுக்கவில்லை.

"மருந்து கேக்காததுக்கு மருந்துதானுங்க காரணம்னு இல்லீங்க," என்றார் கிருபாசங்கர். "தோட்டத்துல வேற ஏதாச்சும் கொறை இருந்தா மருந்து என்னங்க பண்ணும்?"

விற்ற மருந்து பலிக்காதபோது, பழியை ஏற்றிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் குறிகாரர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். நாகம் இலையில் ஏறியிருக்கிறது. தீட்டுப்பட்ட பெண் ஒருத்தி மறைத்து உள்ளே வந்திருக்கிறாள். அங்கப்பன் வெற்றிலை பாக்கில் காணிக்கை வைத்துவிட்டு நேராக ராசம்மாளிடம் வந்தார். அன்று பௌர்ணமிக்கு மறுநாள்.

"ராசம்மா, உன்னை நம்பித்தான் படலை விட்டு வெச்சிருக்கறேன். எவளோ ஒருத்தி ஏமாத்திப்போட்டு உள்ள வந்திருக்கறா. அமாவாசைக்குள்ள பேரைச் சொல்லோணும்."

"சொன்னா என்ன பண்ணுவீங்க பண்ணாடி?" அந்தப் பக்கத்தில் தோட்டத்துக்காரரைக் கூலியாட்கள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"நாலு பேரு முன்னால எலுமிச்சங்காய் சுத்தி, நாகத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சு அனுப்பிப்போடுவேன். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லிருவேன்."

"பேரு தெரியலைன்னா?"

"பதினாலு பேரும் வர வேண்டாம். வடக்க இருந்து வந்த ஆளுக மில்லு லைன்ல சும்மாதான் கெடக்கறாங்க."

ஒரு பெயர், அல்லது பதினான்கு வீட்டு அடுப்பு. ராசம்மாளுக்குக் கொடுக்கப்பட்டது பதினான்கு நாள்.

சொல்வதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே எல்லார் நாக்கிலும் இருந்தது. கயல்விழி. இருபத்து மூன்று வயது. தை மாதம்தான் கல்யாணமாகி வந்து, கும்பலில் கடைசியாகச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நூல் மில்லில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் செல்போனும் கையுமாக இருப்பாள். அவள் வந்தாள், கோடும் வந்தது. ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ராசம்மாளும் அவளைத்தான் நினைத்தார். ஆனால் நினைத்ததைச் சொல்லிவிடும் பழக்கம் அவருக்கு இல்லை. நாகம் எந்த நாளில் ஏறியது என்று தெரிந்தால், அந்த நாளில் யார் வந்தார்கள் என்று எண்ணிவிடலாம் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் வேலை விட்டதும் கோடு போட்ட இலை ஒன்றைக் கிள்ளி, மேற்கே சாய்ந்த வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

கோட்டின் அகலமான முனையில் ஏதோ அசைந்தது.

முதலில் கண் கூசியது என்று நினைத்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே, மஞ்சளாக ஒன்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தது. கொடுவாளால் கரும்பு வெட்டுகிறவன் கை போல, நிற்காத வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் பச்சை கொஞ்சம் குறைந்து, வெளிச்சம் கொஞ்சம் கூடியது. ராசம்மாள் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி, தோலை மெல்லக் கிழித்தார். அரிசிக் குருணையில் பாதி அளவு இருக்கும் புழு ஒன்று ஊக்கு நுனியில் நெளிந்தது.

"அட சாமி," என்றார். "உன்ற கோடா இது?"

அங்கே நின்றபடி எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. ஐயாசாமி மூன்று தடவை ஹாரன் அடித்தார். நான்காவது தடவை இறங்கி வந்து, "என்ன புள்ள, இலையில சினிமா ஓடுதா?" என்றார்.

அவர் சொன்னது பெரிய தவறில்லை. அந்த இலைக்குள் ஒரு முழு வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

இலைத்துளைப்பான் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்லும் ஈ அது. உலகத்தில் அந்தக் குடும்பத்தில் பெயரிடப்பட்டவை மட்டும் மூவாயிரம் வகை. பெரும்பாலானவை ஒரு நெல்மணியின் கால்பங்கு அளவுதான் இருக்கும். தக்காளியில் இருந்தது அமெரிக்காவில் பிறந்தது. இந்தியாவில் கால்வைத்து முப்பது முப்பத்தைந்து ஆண்டுதான் ஆகிறது. கப்பலிலோ விமானத்திலோ செடியோடு செடியாக வந்தது. நம் ஊர் நாகதோஷத்துக்கும் அதற்கும் அறிமுகமே கிடையாது.

முதுகில் மஞ்சள் பொட்டு வைத்த பெண் ஈ, வயிற்று நுனியிலுள்ள ஊசியால் இலையைக் குத்தும். வெளியே வரும் சாற்றைத் திரும்பி நின்று குடிக்கும். நூறு குத்தில் பத்துப் பதினைந்தில்தான் முட்டை வைக்கும். மற்றவை அதன் சாப்பாடு. ஆண் ஈக்கு ஊசி இல்லை. பெண் குத்திவைத்த துளையைத் தேடிப் போய்த்தான் அது குடித்தாக வேண்டும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து, காலும் கண்ணும் இல்லாத புழு, இலையின் இரு தோல்களுக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்தபடி தின்னத் தொடங்கும். வாயில் இருக்கும் இரண்டு கறுப்புக் கொக்கிதான் அதன் மண்வெட்டி. ஒரு தாளின் கனத்துக்குள் வீடு, வழி, சமையலறை, கழிப்பறை எல்லாம். புழு வளர வளரப் பாதையும் அகலமாகும். மயிரிழையாகத் தொடங்கும் இடம் அதன் பிறப்பு. பட்டையாக நிற்கும் இடம் அதன் கடைசிப் பசி. நடுவில் இருபுறமும் மாறிமாறிப் புள்ளி வைத்ததுபோல் அதன் கழிவு. ஏனென்றால் அது அடிக்கடி புரண்டு படுக்கும். தன் வாழ்நாளைத் தானே வரைந்து, வெளிச்சத்தில் காட்டிவிட்டுப் போகிற உயிர் இது. இதைப் பார்த்து வியக்காமல் எலுமிச்சம்பழம் வாங்கப் போனோம்.

இதெல்லாம் ராசம்மாளுக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: கோட்டைப் போட்டது புழு. அப்படியானால் புழுவை வைத்தது யார்? தீட்டிலிருந்து புழு பிறக்குமா?

காலனியில் அவர் வீட்டு ஓட்டுத் தாழ்வாரத்தில் மறுநாள் இரண்டு சோதனைகள் தொடங்கின. சோதனை என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. "பாத்துப்போடலாம்" என்றார்.

ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் மண் போட்டு, கோடு விழுந்த இலைகளை வைத்து, வாயைத் துணியால் கட்டி டிவி பெட்டிமேல் வைத்தார். அது ஒன்று. நாற்றுத்தட்டில் மிஞ்சிக் கிடந்த தக்காளி நாற்று எட்டை எடுத்து, புள்ளியோ கோடோ உள்ள இலையைக் கிள்ளி எறிந்து, பழைய பெயின்ட் டப்பாக்களில் நட்டார். நான்கைத் திறந்து விட்டார். நான்கைக் கொசுவலைத் துண்டால் மூடினார். நட்ட பிறகு பெண் கை படாமல், ஐயாசாமிதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு.

"எனக்கு எப்பத் தூரம், எப்பக் கிட்டன்னு கேக்க மாட்டியே?" என்றார் ஐயாசாமி.

"வாயை மூடிட்டுத் தண்ணி ஊத்துங்க."

பாட்டிலில் மூன்றாம் நாள் காலை முதல் அதிசயம். பட்டைக் கோட்டின் முனையில் பிறை வடிவில் ஒரு கீறல். இலை காலி. மண்மேல் தேன் நிறத்தில் ஒரு மணி கிடந்தது. புழு தன் தோலையே பெட்டியாக்கி உள்ளே அடங்கியிருந்தது.

ஆனால் ஏழாம் நாள் அடி விழுந்தது. வலைக்குள் இருந்த நாற்றுகளிலும் கோடு.

ராசம்மாள் தாழ்வாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலை போட்டாலும் வந்திருக்கிறது. யாரும் தொடாத செடியிலும் வந்திருக்கிறது. அப்படியானால் உண்மையிலேயே நாகதோஷம்தான் எங்கிருந்தோ இறங்குகிறதா? அன்று சாயங்காலமே போய்ப் பெயரைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். சேலையை மாற்றிக்கூட விட்டார்.

வாசலில் கயல்விழி நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, என்ற பேரைத்தான் சொல்லப்போறீங்கன்னு காலனியே பேசுது."

ராசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"சொல்லிப்போடுங்க. பதினாலு ஊட்டுச் சோறு என்னால போக வேண்டாம். ஆனா அது நெசமான்னு மட்டும் சொல்லுங்க. நான்தான் அந்தக் கோட்டைப் போட்டேனா?"

பொய் வராத வாய் அது. "தெரியலை கண்ணு," என்றார் ராசம்மாள். "தெரியலைங்கறதுதான் நெசம்." பிறகு டப்பாக்களைக் காட்டி நடந்ததைச் சொன்னார்.

கயல்விழி வலைக்கு முன்னால் குத்தவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இங்க வாங்க, சத்தம் போடாம," என்றாள். வலைமேல் ஒரு சிறு ஈ நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் பொட்டு. ஒரு கண்ணியின் ஓரத்தில் நின்றது, தலையை விட்டது, இறக்கையை மடக்கிக்கொண்டு, சந்துக்குள் மாட்டை ஓட்டுவதுபோல் உடம்பைத் திருப்பி உள்ளே போய்விட்டது. கொசு நுழையாத வலையில் அது கதவில்லாத வீட்டில் நுழைவதுபோல் நுழைந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராசம்மாள் உள்ளே போய் ஐயாசாமியின் கல்யாணத்து மல் வேட்டியைக் கொண்டுவந்தார்.

"அக்கா, மாமா திட்டுவாரு!"

"அவரு கட்டி இருவது வருசமாச்சு. இப்பவாச்சும் உதவட்டும்."

வேறு நான்கு நாற்றுகள், கிள்ளித் துடைத்து, வேட்டித் துணிக்குள் போயின. இந்தத் தடவை ராசம்மாள் முறையையும் மாற்றினார். யாரும் தொடாமல் வைப்பது போதாது என்று அவருக்குப் பட்டது. தீட்டுத்தான் காரணம் என்றால், தீட்டுள்ள கை தொட்டால் துணிக்குள்ளேயும் கோடு விழ வேண்டும். அறிவியல் படித்தவர்கள் பலருக்கு எட்டாத இந்த எண்ணம், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு, யாரும் சொல்லித்தராமல், ஒரு பெயின்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பாத சமூகம் எதை இழந்தது என்று யார் கணக்குச் சொல்வது?

ஒன்பதாம் நாள் தேநீர் வேளையில், கிணற்று மேட்டில், அவர் பெண்களிடம் விஷயத்தை உடைத்தார். அங்கப்பன் வீட்டிலிருந்து பேப்பர் கப்பில் டீ வந்திருந்தது. ஒரு காலத்தில் கொட்டாங்குச்சி. இப்போது பேப்பர் கப். வீட்டுத் தம்ளர் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

"இப்பத் தூரமா இருக்கற ஒருத்தி வந்து என்ற ஊட்டுச் செடியைத் தெனமும் தொடோணும். தப்பா நெனைக்காதீங்க. பேரு வெளிய போகாது."

பங்காரு சிரிக்கத் தொடங்கினார். வீட்டில் தெலுங்கு பேசுகிற, வாய்க்குப் பூட்டில்லாத நாற்பது வயதுப் பெண்மணி. புரை ஏறும்வரை சிரித்தார்.

"ஏனக்கா, நீ நெசமாலுமே நம்பிட்டா இருந்தே?"

"எதை?"

"நாங்க யாரும் தூரத்துக்கு லீவு போடறதில்லை அக்கா. எப்பவாச்சும் வயித்து வலி தாங்கலைன்னா 'ஆமா'ன்னு சொல்லிட்டுப் போயிருவோம். மத்தபடி மாசாமாசம் மூணு நாள் உக்காந்தா, என்ற புள்ளைக்கு ஃபீஸு உன்ற பண்ணாடியா கட்டுவாரு?"

ராசம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதின்மூன்று முகமும் கீழே குனிந்தன. ஒன்றிரண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கின.

"பதினோரு வருசமாவா?"

"நீ கேக்க ஆரம்பிச்ச மொத நாளே நான் ரெண்டாம் நாளு," என்றார் பங்காரு. "அந்த வருசம் தக்காளி எப்படிக் காச்சுது! லாரி பத்தலைன்னு ராத்திரியெல்லாம் ஏத்துனோமே!"

இன்னொரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "நீதான் மாசத்துக்கு மூணு நாள் வராம இருப்பே. உனக்கு என்னமோ சீக்கு, வெளிய சொல்ல மாட்டேங்கறேன்னு நாங்க பேசிக்குவோம் அக்கா."

ராசம்மாள் டீயைக் கீழே வைத்தார். வேலை வந்ததிலிருந்து நின்றுபோனதுவரை ஏழு வருடம். வருடத்துக்கு முப்பத்தாறு நாள். இருநூற்றைம்பது நாள் அவர் மட்டும், தன்னால் செடி சாகக் கூடாது என்று வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அந்த இருநூற்றைம்பது நாளும் செடி தன்பாட்டுக்குக் காய்த்தது. கண்ணில் நீர் வந்தது. ஏமாந்ததற்கு அல்ல, தன் உடம்பை அத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கு.

பிறகு எழுந்து, "யாருடி இப்பத் தூரம்?" என்றார். அந்தக் கேள்வியை அப்படியொரு அதட்டலில் அவர் கேட்டதே இல்லை.

மூன்று கை உயர்ந்தது. அதில் ஒன்று கயல்விழியின் கை.

அதன் பிறகு ஐந்து நாள், அந்த மூன்று பேரும் காலையும் மாலையும் வேட்டித் துணிக்குள் கைவிட்டு நாற்றைத் தடவிவிட்டுப் போனார்கள். பங்காரு துணைக்கு வந்து, "நல்லாத் தடவு, நாகம் கூச்சப்படுது," என்பார்.

இதற்குள் ராசம்மாளின் கண் வேறொன்றையும் பிடித்துவிட்டது. கிணற்று மூலையில், மருந்துக் குழாய் எட்டாத இரண்டு வரிசையில், கோடு குறைவு. ஆறு தடவை மருந்து குடித்த வரிசைகளில் இலைக்கு எட்டு, பத்து. மருந்தே படாத மூலையில் ஒன்று, இரண்டு. அந்த மூலை இலைகளைத் தனிப் பாட்டிலில் போட்டுவைத்தார். அந்த இலைகளில் பிறைக் கீறல் விழவில்லை. புழு இறங்கவில்லை. இலைக்குள்ளேயே ஏதோ கறுத்துக் கிடந்தது.

கயல்விழி செல்போன் கேமராவின் கண்ணாடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் காட்டிய வித்தை. சொட்டு, பூதக்கண்ணாடி ஆகிவிடும். இருவரும் திரைமேல் குனிந்தார்கள். சுருங்கிக் காய்ந்த புழுவின் பக்கத்தில் வேறொரு கூட்டுப்புழு. அதைச் சுற்றி, தரையிலிருந்து கூரைக்கு, சின்னச் சின்னக் கறுப்புத் தூண்கள். இலையின் தோல் காய்ந்து மேலே விழாமல் இருக்க, முட்டுக் கொடுத்து நிறுத்தியதுபோல்.

"அக்கா, இது மண்டபம் கட்டியிருக்குது!"

அது ஒரு குளவி. எறும்பைவிடச் சிறியது. தாய்க்குளவி இலைக்கு வெளியே நடந்து உள்ளே இருக்கும் புழுவைக் கண்டுபிடித்து, தோலோடு சேர்த்துக் கொட்டி அசையாமல் செய்து, பக்கத்தில் முட்டை வைக்கும். அதன் குஞ்சு ஈப்புழுவைத் தின்று வளர்ந்து, தன் கழிவையே தூணாக நிறுத்தி, அந்த மண்டபத்துக்குள் தூங்கி, பச்சைப் பளபளப்போடு பறந்து வரும். ஈயை மட்டுப்படுத்தி வைத்திருந்த காவல்காரர் அவர்தான். கிருபாசங்கரின் மருந்து முதலில் கொன்றது அவரை. ஈ அந்த மருந்துகளுக்குப் பழகித் தப்பியது. ஆறு தடவை காவல்காரரைக் கொன்றுவிட்டுத் திருடன் பெருகிவிட்டான் என்று பெண்களைக் கைகாட்டினார்கள்.

பதின்மூன்றாம் நாள் விடியலில் இன்னொன்றையும் பார்த்தார்கள். முதல் பாட்டிலில் கிடந்த தேன்நிற மணியின் மூடி திறந்தது. வெளியே வந்தது முகமல்ல. நெற்றியிலிருந்து ஒரு வெள்ளைப் பை பலூன்போல் ஊதிப் புடைத்தது, அடங்கியது, மறுபடி ஊதியது. அதை வைத்தே மண்ணைத் தள்ளி ஈ மேலே ஏறியது. இறக்கை விரிந்ததும் அந்தப் பை நெற்றிக்குள் மடங்கி மறைந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைக்கான கருவி. ராசம்மாள் கையைக் கூப்பவில்லை, குலசாமியைக் கூப்பிடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எப்படிடி கண்ணு, இத்தனூண்டுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அமாவாசைக் காலையில் படலுக்கு முன்னால் கோலம், எலுமிச்சம்பழம், குங்குமம், பூசைக்கு ஒருவர். அங்கப்பன் வெள்ளை வேட்டியில் நின்றார். கிருபாசங்கர் கையில் புதிய புட்டியோடு வந்திருந்தார். டெம்போவிலிருந்து பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். கூடவே எட்டு பெயின்ட் டப்பா, இரண்டு பாட்டில்.

"பேரைச் சொல்லு ராசம்மா."

"ஒரு பேரு கேட்டீங்க பண்ணாடி. என்றகிட்டப் பதினாலு இருக்குது." விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். "ராசம்மா, பங்காரு, கயல்விழி..." பதினான்கையும் சொன்னார். "பதினோரு வருசமா இந்தத் தோட்டத்துல தூரமில்லாத நாளே இல்லீங்க. தெனமும் ஒருத்தியோ ரெண்டு பேரோ உள்ளதான் இருந்திருக்கறாங்க. லாரி லாரியா நீங்க ஏத்துன தக்காளியெல்லாம் அந்தக் கை பறிச்சதுதானுங்க."

அங்கப்பனின் முகம் சிவந்தது. "என்ன பேச்சுப் பேசறே?"

"பேச்சில்லீங்க, பாருங்க." துணியை எடுத்தார். "இதைத் தூரத்துக்காரி மூணு பேரு அஞ்சு நாளாத் தொட்டாங்க. ஒரு கோடு இல்லை. இது தொறந்து கெடந்தது. நட்ட பொறகு பொம்பளை கையே படலை, என்ற ஊட்டுக்காரர்தான் தண்ணி ஊத்துனாரு. எண்ணிப் பாருங்க."

"படிக்காதவங்க பேச்சைக் கேட்டுட்டு..." என்று தொடங்கினார் கிருபாசங்கர்.

"ஆறு தடவை உன்ற பேச்சைக் கேட்டேனப்பா," என்றார் அங்கப்பன், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் விவசாயி. இலை பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டி மண்ணில் படக் குத்தவைத்துப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். ராசம்மாள் ஊக்கால் ஒரு கோட்டைக் கிழித்துக் காட்டினார். கிணற்று மூலையைப் பற்றிச் சொன்னார். கயல்விழி செல்போனில் தூண்களைக் காட்டினாள். பூசைக்கு வந்தவர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி வெயிலில் நின்றார்.

"இதுல ஆணு எது, பொண்ணு எது?" என்று கடைசியில் கேட்டார் அங்கப்பன்.

"ஓட்டை போடறது பொண்ணுங்க," என்றார் பங்காரு. கயல்விழி போனில் படித்துக் காட்டியதை அவர் சேமித்து வைத்திருந்தார். "அவ போட்ட ஓட்டையில வந்து குடிச்சுப்போட்டுப் போறது ஆணுங்க. நம்ம ஊரு மாதிரிதானுங்க."

சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. அங்கப்பன் எழுந்து வேட்டியைத் தட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை. "எலுமிச்சங்காயைச் சும்மா சுத்திக் காவாயில போடுங்க," என்றார். "கெணத்துப் பக்கம் எட்டு வரிசைக்கு மருந்து வேண்டாம். பாக்கலாம். பேரு ஒண்ணும் வேண்டாம். வேலையைப் பாருங்க. ராசம்மா, நீ மட்டும் கேக்கறதைக் கேட்டுட்டு உடு."

"நான் கேக்க மாட்டேனுங்க."

"பின்ன யாரு கேப்பா?"

"உங்களுக்கு வேணும்னா நீங்களே படலண்டை நின்னு கேளுங்க பண்ணாடி. ஒவ்வொருத்தியா நின்னு விவரமாச் சொல்லுவாங்க."

அங்கப்பன் அவரைப் பார்த்தார், பதின்மூன்று பெண்களைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் வேகமாக நடந்துவிட்டார். அவர் அப்பா போட்ட சட்டத்தைக் கேட்க அதன்பிறகு ஆள் இல்லை.

பெண்கள் வரிசைகளில் பிரிந்தார்கள். வெயில் இலையில் ஏறியிருந்தது. மூன்றாவது வரிசையில் குனிந்த கயல்விழி அப்படியே நின்றாள்.

"அக்கா, ஓடியாங்க. இங்க ஒண்ணு இப்பத்தான் கீறிக்கிட்டு எறங்குது."

ராசம்மாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினார். இலை நுனியில் மஞ்சளாக ஒரு துளி தொங்கியது, நெளிந்தது, விழுந்தது. இரண்டு தலைகளும் மண்ணுக்கு மேல் முட்டிக்கொண்டன.

"எங்கடி போச்சு?"

"அந்தக் கட்டிக்குப் பின்னால அக்கா. மூச்சு விடாதீங்க. உள்ள போவுது பாருங்க."